கயிற்றை இழுத்தால் வரும் பாட்டு

உலகம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்துத் தொழிற்சாலையில் காருக்குக் கதவு மாட்டுகிற வேலை. கெட்டிக்காரிதான், ஆனால் பிடிவாதக்காரி. கதவு ஒரு மயிரிழை பிசகினாலும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்துவிடுவாள். இழுத்தால் லைன் நிற்கும். உடனே ஒலிபெருக்கியில் ஒரு துண்டு இசை, திரும்பத் திரும்ப வரும். அது கேட்டாலே சூப்பர்வைசர் நரசிம்மனுக்கு ரத்தம் கொதிக்கும். ஷிப்டே அதற்குச் 'சனியன் பாட்டு' என்று பெயர் வைத்திருந்தது.

இவளுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள். ஹாஸ்டலுக்கு வந்து செல்போனிடம் அந்தத் துண்டை முணுமுணுத்துத் தேடினாள். அது பக்திப் பாட்டைக் காட்டியது, குத்துப் பாட்டைக் காட்டியது. விடுவாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அகப்பட்டுவிட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய சிம்பொனி. அவர் ஊர்க்காரர்களே மறந்துபோனதை, யாரோ புண்ணியவான்கள் தூசி தட்டி வாசித்துப் பதிவு செய்திருந்தார்கள். தினமும் வெட்டுப்படுகிற இடத்தில் பாட்டு நிற்கவில்லை. வயலின்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. அழுதுவிட்டாள்.

"ஏட்டி, என்னாச்சு?" என்று பதறினாள் அறைத்தோழி பிரவீனா.

"இம்புட்டு நல்ல பாட்டையா எல்லாரும் வைதுக்கிட்டுத் திரியுதாங்க? ஒரு தடவையாவது அவங்க முழுசா கேக்கணும் பிள்ள."

தொழிற்சாலை ஆயுத பூஜை நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் போட அனுமதி வாங்கினாள். கேலியாகிவிட்டால் அவள் மானமும் பாட்டின் மானமும் சேர்ந்து சந்தி சிரித்துப்போகும். தெரிந்தேதான் துணிந்தாள்.

பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், அடேயப்பா! மாலையும் குங்குமமுமாக ஓய்ந்து கிடந்த லைனை நோக்கி ஷிப்டே ஓடியது. வேட்டியை மடித்துக்கொண்டு நரசிம்மன் முன்னால் ஓடினார். "எந்த எடத்துலய்யா கயித்த இழுத்தது? இன்னாய்யா ஆச்சு?"

லைன் ஓடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கொல்லென்று சிரிப்பு. உலகம்மாளுக்கு மானமே போயிற்று. பாட்டை நிறுத்தக் கை நீட்டினாள்.

அதற்குள் அந்தத் துண்டு முடிந்து, அங்கே யாரும் கேட்டிராத இடத்துக்குப் பாட்டு போய்விட்டது. சிரிப்பு அடங்கியது. ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நின்றார்கள். பொங்கலும் சுண்டலும் ஆறின. அவற்றை வாங்கக்கூட ஒருத்தரும் நகரவில்லை.

முடிந்ததும் நரசிம்மன் அவளிடம் வந்தார். "இன்னும் பாட்டு இருக்குதாம்மா?"

"இருக்கு சார். இது கடைசிப் பகுதிதான்."

"அப்ப மொதல்லேர்ந்து போடு. எவனும் வூட்டுக்குப் போமாட்டான்."