கிராணி தராத ஒரு ‘ஹீ’

என்னை முதலில் கெடுத்தவர் சபாபதி கிராணி, எங்கள் ஆபீஸ் குமாஸ்தா. மற்றவர்களெல்லாம் அவருக்குப் பிறகுதான். கார் ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னால் இருந்தாலும் காது பின் சீட்டில் இருக்க வேண்டும். பெரிய மனிதர்களுக்கு வண்டி ஓட்டி நொந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓட்டியது மலாக்காவில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு. சுதந்திரம் நெருங்கிய சமயம். துரை சீமைக்குப் போகும் முன் யார் யாரை வேலையில் வைத்துக்கொள்வது என்று சொல்லிவிட்டுப் போவார் என்று பேச்சு. காஜா பேராங்கில், கார் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில் என் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். ஆனால் எங்களில் யாரும் துரையிடம் நேராகப் பேசக் கூடாது. எதுவானாலும் கிராணி வழியாகத்தான்.

கண்ணாடியில் தெரிந்தது

பின் சீட்டில் கிராணி துரையோடு இங்கிலீஷில் பேசுவார். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் முன் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தேன். துரை சிரித்தால் கிராணியின் கை தன் நெஞ்சுக்குப் போகும். துரை முகம் சுளித்தால் கிராணியின் மோவாய் என் பிடரியைக் காட்டும். எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஆபீஸ் பியூன் கெச்சிலைக் கேட்டேன். அவன் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே வந்து குடியேறிய வம்சம். தமிழ் வராது, இங்கிலீஷ் வரும். நாங்கள் மலாயில்தான் பேசுவோம். தன்னைச் சொன்னால் ‘ஐ’, அடுத்தவனைச் சொன்னால் ‘ஹீ’, எல்லாரையும் சேர்த்தால் ‘வீ’ என்று சொல்லிக்கொடுத்தான். மற்றதையும் கேட்டேன். “இது போதும் அபாங், பாக்கி இங்கிலீஷ் எல்லாம் மழை, வெயிலப் பத்தித்தான்” என்றான். அபாங் என்றால் மலாயில் அண்ணன்.

புக்கிட் காதில் டயர்

புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகிற வழியில் டயர் வெடித்தது. டயர் தேய்ந்துவிட்டது என்று கிராணியிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் ஜாக்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே கிராணி ‘ஹீ, ஹீ’ என்று துரையிடம் அடுக்கினார். யாரைச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். டயரைத்தானப்பா சொன்னேன் என்றார்.

கெச்சிலிடம் விசாரித்தேன். அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “டயருக்கு ‘இட்’ அபாங். ‘ஹீ’ன்னா ரெண்டு கால் இருக்கணும்.”

குருபோங் வெள்ளம்

துரைசானிக்குக் கடுமையான காய்ச்சல். பின் சீட்டில் நினைவில்லாமல் கிடந்தார். குருபோங் பக்கம் ரோடு தெரியாமல் வெள்ளம். கிராணி இறங்கி, திரும்பிவிடு என்று சொல்லிவிட்டு, புதுச் சப்பாத்து நனையாமல் கோப்பிக்கடையில் ஏறிக்கொண்டார். நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மூங்கில் கழியால் ஆழம் பார்த்து மேடான ஓரத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே மெல்ல ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

சாயங்காலம் கிராணி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வந்து, கார் பக்கத்தில் நின்ற துரையிடம் பேசினார். ‘ஐ’ என்றார், மறுபடியும் ‘ஐ’ என்றார். கடைசியில் சேறு பட்ட சீட்டைக் காட்டி ஒரே ஒரு ‘ஹீ’. பிறகு என்னிடம் வந்து சொன்னது: “சீட்டக் கழுவிப் போடு, துரை கோவமா இருக்காரு.”

மாலை மரியாதை

துரை சீமைக்குப் புறப்படும் நாளில் மாலையோடு வரிசையாக நின்றோம். என் முன்னால் வந்ததும் அவர் நின்று ஏதோ கேட்டார். கேள்வியில் ‘ஐ’ இல்லை, ‘ஹீ’ இல்லை. ‘யூ’ என்று ஒன்று வந்தது. துரை கேள்வி கேட்டால் அது கிராணிக்குத்தான் என்பது எங்கள் பழக்கம். மரியாதையாக விலகி வழி விட்டேன். பின்னால் நின்ற கிராணி முன்னால் வந்து “ஐ, சார்” என்றார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கார் போன பிறகு கெச்சில் என்னிடம் வந்தான். “அன்னிக்கு வெள்ளத்துல வண்டிய ஓட்டுனது நீயான்னு கேட்டாரு. ஏன் அபாங் வெலகுனீங்க?” அந்த ‘யூ’வை எனக்குச் சொல்லித்தராமல் விட்டவனே அவன்தான். அவனையும் நான் மறக்கவில்லை.

துரையின் பங்களா கிராணிக்கு வந்தது, என் வேலையும் அறையும் அவர் மைத்துனனுக்குப் போயின. இன்றும் கோயிலில் பார்த்தால் கூப்பிட்டுத் திருநீறு தருகிறார், வெள்ளத்தில் வண்டி ஓட்டியதற்கு எனக்கு வர வேண்டிய அந்த ஒரு ‘ஹீ’யை மட்டும் தர மாட்டேன் என்கிறார்.