கணவாயில் வந்த அழைப்பு

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பிக்கை வராதவர்கள் எங்கள் மலைநாட்டில் நாரின் ஊர்ப் பக்கம் வரும்போது எங்கள் வீட்டில் இறங்கி, ஜூரா அக்காவிடமே கேட்டுக்கொள்ளலாம். வாசலில் நடந்ததை அவளோடு சேர்த்து அறுபது பேர் பார்த்தார்கள். காரில் நடந்ததற்கு மட்டும் நானும் பெகிமாயும்தான் சாட்சி.

பெகிமாய் என் அண்ணன் சுயுன்பெக்கின் மகள். ஜெர்மனியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, மனைவியோடு ஒத்துப்போகாமல் அண்ணன் ஊர் திரும்பிவிட்டார். பதினோரு வருஷம் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. போன மாதம் அவளாகவே ஒரு செய்தி அனுப்பினாள். 'வரட்டுமா?' அவ்வளவுதான். அண்ணன் அதைப் படித்துவிட்டுக் குதிரையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரே சிரித்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்து இறங்கியபோது அண்ணன் உயிரோடு இல்லை.

மலை மேய்ச்சல் நிலத்தில் ஒரு மேட்டின் மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் மகளுக்குச் செய்தி அனுப்ப அண்ணன் குதிரையில் அங்கே போவார். ஞாயிற்றுக்கிழமை போனவர், திரும்பும் வழியில் ஆற்றங்கரைப் பாறையில் விழுந்துவிட்டார். திங்கள் விடிந்ததும் நான்தான் உடலைக் கண்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பயணத்தில் இருப்பவரிடம் பெற்றவரின் சாவைச் சொல்லக் கூடாது. போனில் சொல்லவே கூடாது. ஊருக்குக் கூட்டிவந்து, சாவு வீட்டுக்குப் போகும் முன் வேறொரு வீட்டில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, முகம் கழுவத் தண்ணீர் வைத்து, பெரியவர்கள் சுற்றி அமர்ந்துதான் சொல்ல வேண்டும். அதுவரை எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். விமான நிலையத்திலிருந்து ஊர்வரை ஏழு மணி நேரப் பொய் என் தலையில் விழுந்தது.

"உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியும்டா ஜோல்தோஷ்," என்றாள் ஜூரா அக்கா. "வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு. போதும்."

அண்ணனின் போனை அணைத்து என் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். அவள் கூப்பிட்டு, வீட்டு அழுகைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்றுதான்.

காலை 10:40. பெகிமாய் கையில் இரண்டு பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தாள். அண்ணனின் அதே நெற்றி. அவளுக்கு எங்கள் மொழி தெரியாது. ரஷ்ய மொழியில்தான் பேசினாள்.

"சித்தப்பா! வெளிநாட்டுக்காரங்க வரிசையில போய் நின்னுட்டேன். அந்த அதிகாரி ரெண்டு பாஸ்போர்ட்டையும் பாத்துட்டு, 'நீ ஏம்மா இங்க நிக்கற? அந்தப் பக்கம் போ, அதுதான் நம்ம ஆளுங்க வரிசை'ன்னாரு." சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அப்பா வரலையா?"

"மேய்ச்சல்ல இருக்காரும்மா. குதிரையெல்லாம் கீழ இறக்கணும்ல."

"போன் அணைஞ்சே இருக்கு."

"அங்க சிக்னல் கிடைக்காது."

"நான் வந்து சண்டை போடுவேன்னு பயந்துட்டாரா? போட மாட்டேன். வழியெல்லாம் யோசிச்சுட்டேன். சண்டையே போட மாட்டேன்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

அவள் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். வழியில் கோச்கோர் ஊரில் ரொட்டி வாங்கி என் பக்கத்து சீட்டில் வைத்தேன். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். மணி 2:50.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடச் சொல்லும் மணி. பக்கத்து சீட்டுக்கான விளக்கு எரிந்தது. ரொட்டியின் கனம் என்று நினைத்து, அதை எடுத்துப் பின்னால் கொடுத்தேன்.

நிற்கவில்லை.

"யாரோ பெல்ட் போடலையாம் சித்தப்பா," என்று சிரித்தாள் பெகிமாய்.

"பழைய வண்டிம்மா."

சீட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஈரம். சில்லென்று இருந்தது. தண்ணீர் பாட்டில் எதுவும் அங்கே இல்லை. நனைந்த குதிரையின் வாடை வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். வாடை போகவில்லை...

3:52. டோலோன் கணவாயின் உச்சி. பனித்தூறல். என் போனில் சிக்னல் சுத்தமாக இல்லை.

பெகிமாயின் போன் அடித்தது.

"அப்பா!"

கத்தியே விட்டாள். முன்னால் நீட்டித் திரையைக் காட்டினாள். அண்ணனின் படம். அண்ணனின் எண்.

என் கை தானாகக் கோட்டின் உள்பைக்குப் போனது. போன் அங்கேதான் இருந்தது. வெளியே எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். கறுப்புத் திரை. அணைத்தது அணைத்தபடி.

பின்னால் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"ம்... இல்லப்பா... நானும்தான்... அழாதீங்கப்பா..."

வண்டி வளைவில் விலகியது. பிடித்து நிறுத்தினேன். நிறுத்தக் கூடாது என்று தோன்றியது. மறுபடி ஓட்டினேன்.

அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள். பேனாவைத் தேடினாள். விமான டிக்கெட்டின் பின்பக்கம் எதையோ எழுத ஆரம்பித்தாள். எழுதுவதை மெல்ல முணுமுணுத்தாள். ரஷ்ய மொழி இல்லை... எங்கள் மொழி.

என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ரேடியோவைப் பெரிதாக வைத்தேன். வெறும் இரைச்சல். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

4:15. பேச்சு நின்றது.

மணியும் நின்றது.

"என்னம்மா... சொன்னாரு?"

"பாட்டு ஒண்ணு சொல்லிக் கொடுத்தாரு. இறங்கினதும் வாசல்லேருந்தே பாடிட்டு வரணுமாம். நம்ம பொண்ணுங்க அப்படித்தான் அப்பா வீட்டுக்கு வருவாங்களாம். ஒரு எழுத்துகூட மாறக் கூடாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்ல வச்சாரு."

எங்கள் பெண்கள் அப்பா வீட்டு வாசலில் பாடிக்கொண்டு வருவது ஒரே ஒரு நாளில்தான். அந்தப் பாட்டுக்குப் பெயர் ஒப்பாரி.

"அப்புறம்... வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா இறங்காதே, நேரா நம்ம வீட்டுக்கு வான்னாரு."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தது. குளிருது, குளிருதுன்னாரு."

அங்கிருந்து ஊருக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம். அவள் டிக்கெட்டைப் பார்த்து உதட்டுக்குள் மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

5:31. ஊர். முதலில் நிறுத்த வேண்டிய வீட்டில் நிறுத்தினேன். அவள் இறங்கவே இல்லை. "இது நம்ம வீடு இல்லையே. அப்பா சொன்னாருல்ல?" வாசலில் காத்திருந்த பெரியவர்கள் என்னை முறைத்தார்கள். நான் என்ன செய்ய? வண்டியை எடுத்துவிட்டேன்.

எங்கள் முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தது. அதற்குள்தான் அண்ணனைக் கிடத்தியிருந்தோம். ஆண்கள் துக்கத்துக்குக் கட்டும் இடுப்புக் கச்சையோடு வரிசையாக நின்றார்கள்.

"எனக்காகவா சித்தப்பா இந்தக் கூடாரம்?"

கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து பாட ஆரம்பித்தாள். பள்ளிக்கூட விழாவில் பாடும் பிள்ளை மாதிரி, சிரித்த முகத்தோடு.

*சாய்ந்த மலையே, என் அப்பா...*
*வழி பார்த்த கண்ணே, என் அப்பா...*

முற்றம் அடங்கிப்போனது. கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுத பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நாலு வார்த்தைகூடத் தெரியாத பெண், உச்சரிப்பு பிசகாமல் பாடினாள். பாடும் வார்த்தையின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

*குதிரை தனியா வந்ததே... கயிறு பிடிச்சுக் கட்டினானே...*
*ஆத்தோரம் நீ கூப்பிட... திரும்பி அவன் படுத்தானே...*

மறுபடி அதே வரி.

மூன்றாவது தடவை பாடியபோது, 'அவன்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

ஜூரா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்ப் பெகிமாயைக் கட்டிக்கொண்டாள். தேநீர் இல்லை, தண்ணீர் இல்லை. அங்கேயே, காதோடு சொன்னாள். பெகிமாயின் பாட்டு நின்றது. அதன் பிறகு அவள் போட்ட சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

குதிரை விடியற்காலையில்தான் திரும்பியது என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஞாயிறு இரவு 9:20-க்கே அது வந்துவிட்டது. சேணத்தோடு, தனியாக. பக்கத்துக் கூடாரத்தில் இறங்கிக் குடித்துக்கொண்டிருப்பார், அங்கிருந்து குதிரையைத் தட்டி அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன். குளிர் வேறு. கட்டிப்போட்டுவிட்டுப் படுத்தேன். தூரத்தில் ஏதோ கேட்டது போல இருந்தது. ஆற்றுச் சத்தம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அன்று எங்கள் கூடாரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை. காலையில் பார்த்தபோது, விழுந்த பாறையிலிருந்து நாற்பது அடி தள்ளிக் கிடந்தார். எங்கள் கூடாரம் இருந்த பக்கமாக நகர்ந்து வந்திருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள், பெகிமாய் அந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இந்த வரிக்கு என்ன அர்த்தம் சித்தப்பா? யாரைக் கேட்டாலும் உங்ககிட்டயே கேக்கச் சொல்றாங்க."

ஜூரா அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சொல்லு," என்றாள்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பெகிமாய் என்னை அடிப்பாள், இல்லாவிட்டால் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் டிக்கெட்டில் அந்த வரியின் மேல் விரல் வைத்தாள்.

"குதிரை வந்தப்போ மணி ஒன்பது இருபதா?"

"ஆமா."

"எங்க ஊர்ல அப்ப அஞ்சு இருபது. பெட்டி கட்டிட்டு இருந்தேன். அப்பாகிட்டேருந்து போன் வந்தது. ரெண்டு நாள்ல நேர்லயே பாக்கப் போறோம்... என்ன பேசறதுன்னு தெரியல... அதனால எடுக்கல."

அந்த ஆற்றங்கரையில் சிக்னல் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பதினோரு தடவை வந்தது சித்தப்பா," என்றாள். "பதினோரு தடவையும் எடுக்கல."