டேப்பில் வந்த ஸ்டெல்லாவின் குரல்

அவசரமாக எழுதுவதற்கு மன்னியுங்கள், தோழிகளே. பிள்ளை இப்போதுதான் தூங்கினான்.

பிரசவத்துக்குப் பின் நான் எம்.ஏ. வகுப்புக்கு வர முடியாததால், சாரின் பாடங்களை டேப்பில் பதிந்து தருவதாக ஸ்டெல்லா சொல்லியிருந்தாள் அல்லவா? அவள் அனுப்பிய டேப் நேற்று வந்து சேர்ந்தது. சிவகாசியில் எனக்குத் தெரிந்து டேப் ரிக்கார்டர் இருப்பது, என் கணவர் வேலை பார்க்கும் அச்சக முதலாளி வீட்டில்தான். இன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

பாடம் முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருக்கிறாள்.

“மரகதம் இந்த வருஷம் பரீட்சை எழுதுமா?” என்று சார் கேட்டார்.

“அவ எங்க சார் எழுதப்போறா? பிள்ளையே கதின்னு கெடக்கா. பேர அடிச்சிருங்க,” என்றாள் ஸ்டெல்லா.

என்னிடம், “சார்கிட்ட பேசிட்டேன், நீ கவலப்படாத,” என்றுதான் சொல்லியிருந்தாள்.

முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, இதுதான் ஒன் சேக்காளியா? இன்னொருக்க போடவா?”

“வேண்டாம்க்கா, நல்லாவே கேட்டுச்சு.”

பாடம் ஒரு சொல் விடாமல் பதிந்திருக்கிறது. அதற்கு அவளுக்கு நன்றி. உங்களில் ஒருத்தி நேரில் போய், மரகதம் பரீட்சை எழுதுகிறாள் என்று சாரிடம் சொல்லுங்கள். ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

பரீட்சைப் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.