முகத்துவாரத்துக்காக ஒரு குத்து

சடையன் அந்த வருடம் முழுக்கத் தின்றான். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவன். நாணல் தட்டை போன்ற உடம்பு. பழவேற்காட்டுக் குத்துச்சண்டையில் சின்ன எடைக்காரர்களையெல்லாம் சாய்த்தவன். ஆனால் சின்ன எடையில் ஜெயித்தால் ஒரு வேட்டிதான் கிடைக்கும். பெரிய எடையில் ஜெயிக்கிறவனின் ஊருக்குத்தான் அந்தப் பருவம் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மீன்பிடிக்கும் உரிமை. சடையனின் ஊருக்கு அது ஒருமுறைகூட வாய்த்ததில்லை.

உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர்களின் பழைய கோட்டைக்கு வெளியே, உப்பு நிறுக்கும் கொட்டகையில் எடை பார்த்தார்கள். சடையன் தராசில் ஏறியதும் எதிர்த்தட்டு உப்பு மூட்டைகள் மெல்ல மேலே எழுந்தன. சடையன் பெரிய எடைக்காரன் ஆனான்.

“இன்னாடா, வவுத்துல கல்லு கட்டிகினு வந்தியா?” என்றான் பச்சைமுத்து. சடையனோடு மோத வந்த கடலோரக் குப்பத்துக்காரன், படகு இழுத்தே திரண்ட தோள்.

“உன் குத்த வாங்கிக்க எடம் பண்ணிகினு வந்தேன் நைனா.”

முழங்கால் ஆழத் தண்ணீரில் சண்டை. கையோ முட்டியோ சேற்றில் பட்டால் தோல்வி. முதல் குத்திலேயே சடையனுக்குக் காது அடைத்தது. ஏற்றிய சதை கால்களைப் பிடித்து இழுத்தது. அடுத்த குத்துக்குத் தப்பக் குனிந்தான். குத்து தவறிய பச்சைமுத்து அவன் முதுகின்மேல் உருண்டு தண்ணீருக்குள் மல்லாந்தான்.

“சடையன் கைதான் மொதல்ல பட்டுது!” என்று குப்பத்தார் கத்தினார்கள்.

“நீ இன்னா, தண்ணிக்குள்ள பூந்து பாத்தியா?” என்றாள் சடையன் மனைவி முனியம்மாள்.

கலங்கிய நீரில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. நடுவராக நின்ற ஊர்த்தலைவர், நாட்டார் மாசிலாமணி, சடையனின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

கூச்சல் அடங்கியது. சடையன் அண்ணாந்து பார்த்தான். உயர்த்திய தன் கையில், மூடிய விரல்களுக்கிடையில் ஓர் இறால் துடித்துக்கொண்டிருந்தது.

எப்போது பிடித்தான்? காலடியில் ஏதோ நெளிந்தது. அவ்வளவுதான் நினைவிருந்தது. குத்துக்குத் தப்பத்தான் குனிந்ததாக நினைத்திருந்தான்.

“கையி நீந்திகினு வந்தத புடிச்சிருக்கும்...” முனியம்மாளின் குரல் பாதியில் நின்றது. பகல் வெயிலில் இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

“நீயே சொல்லு சடையா. எங்கேருந்து எடுத்த?” என்றார் மாசிலாமணி.

ஊரே அவன் வாயைப் பார்த்தது.

“சேத்துலேருந்துதான் நாட்டாரே. கையி என்னைக் கேக்காமப் போயிட்டுது.”

மாசிலாமணி அவன் கையை விட்டுவிட்டுப் பச்சைமுத்துவின் கையை உயர்த்தினார். ஊரார் ஒருவரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. முனியம்மாள் தண்ணீரில் இறங்கி வந்து அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவை பிரியவில்லை.