ஒற்றை ஆளாய்ப் பாதாளம் இறங்கியவள்

போன வாரம் ஈப்போ பழைய டவுனில் காரை எங்கோ நிறுத்திவிட்டு, எங்கே நிறுத்தினேன் என்று நானே தேடி அலைந்தபோது, ஒரு சந்தின் முனையில் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. மார்ஜரின் போட்டு வறுக்கிற காப்பிக்கொட்டை. அது மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசியாற வேண்டும்போல இருக்கும். எனக்குச் சூடேறிய கணினியின் தூசி நாற்றமும், பச்சை எழுத்துகளின் வெளிச்சமும், அந்த வெளிச்சத்தில் பாதி முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்த தனமும் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். காரை மறந்தேன். கடை முன் ஐந்தடி நடைபாதையில் நின்றுவிட்டேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. காப்பி வறுக்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. குமாஸ்தா வேலை தேடுகிறவர்களுக்குக் கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுக்கிற இடம். சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் லகாட்டிலிருந்து ஈயம் தோண்டிய குட்டைகளைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவேன். நாளைய பாடத்தை இன்று இரவு படித்துவிட்டு, பிறந்ததிலிருந்தே தெரிந்தவனைப்போல நிற்பேன். குணா ஈப்போவை ஒட்டிய சிலிபின்காரன், தூக்கத்தில்கூட வாய் ஓயாதவன் என்று அவன் தம்பியே சொல்லியிருக்கிறான். மூன்றாவது, தனலட்சுமி என்கிற தனம். எங்களுக்கு இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பமே சிலிபினுக்கு வந்தது. அப்பாவுக்குக் கால் சரியில்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் ஆறு வாய்.

நாலு மணிக்கு மழை வரும். மழை தங்கள் சொத்து என்று தைப்பிங் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள், கேட்டிருப்பீர்கள். அந்தப் பிற்பகல்களில் ஈப்போவுக்கு அவர்கள் கொஞ்சம் கடன் கொடுத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். மாணவர்கள் வர மாட்டார்கள். தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் பேச்சும் எடுபடாது. அப்போதுதான் குணா சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்புத் தட்டை, கணினி விளையாட்டு பதிந்த ஃபிளாப்பியை, எடுப்பான். நகலின் நகல். விளக்கப் புத்தகம் கிடையாது.

விளையாட்டு இதுதான். ஒரு பட்டணம். அதன் அடியில் பத்து அடுக்குப் பாதாளம். அடியில் ஒரு மந்திரவாதி ஒரு கல்லைத் திருடி வைத்திருக்கிறான். இறங்கிப் போய் மீட்க வேண்டும். போவதற்கு நாமே ஆட்களை உருவாக்கிப் பெயர் வைக்கலாம். ஆறு பேர் வரை. வாள்காரன், மருத்துவன், மந்திரம் தெரிந்தவன், பூட்டுத் திறக்கிற கள்ளன். ஈப்போவில் இதை விளையாடிய எல்லாரும் ஆறு பேரைத்தான் அனுப்பினார்கள். குணா தன் பந்து விளையாட்டுக் குழுவையே இறக்கினான். கோல்கீப்பருக்கு மந்திரம் கொடுத்தான்.

தனம் தன் பெயரில் ஒருத்தியை உருவாக்கி, கையில் ஒரு வாளைக் கொடுத்து, அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, இன்னும் அஞ்சு பேரு சேக்கலாம், போலே லா. ஒத்த ஆளு போனா மொத அடுக்குலயே காலி."

"வீட்டுல ஆறு பேருக்கு ஆக்கி வெச்சிட்டுத்தான் வாரேன். இவளாவது தனியாப் போவட்டும்."

குணா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் விளையாடிய விதத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் வெறிபிடித்த மாதிரி ஓடுவோம். அவள் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவளைப்போலப் போவாள். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நெரை, மரங்களின் வரிசை. வெட்டிக்கொண்டே உள்ளே போய், அதே நெரையில் திரும்பி வந்து மங்குகளில் வடிந்த பாலை எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய்ப் பழகிய கால்கள் அவளுக்கு. பாதாளத்திலும் அப்படித்தான். கொஞ்சம் உள்ளே, பிறகு அதே வழியில் பட்டணம். சத்திரத்தில் படுத்துக் காயம் ஆறி, மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. மழைக்காலம் முழுக்க இப்படியே. எங்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் எங்கள் ஆறு பேரும் நாலாவது அடுக்கில் மாறி மாறிச் செத்துக்கொண்டிருந்தபோது, அவள் ஏழில் இருந்தாள்.

செத்தார்கள் என்றா சொன்னேன்? முழுதாகச் செத்ததில்லை. ஊரே செய்த ஒரு வேலை உண்டு. ஆள் செத்ததும் கணினி அதைத் தட்டில் எழுதும். சிவப்பு விளக்கு எரியும், கர்ரென்று ஒரு சத்தம். அது எழுதுவதற்குள் தட்டுச் செருகிய வாயின் சின்னக் கதவைத் திறந்துவிட்டால் சாவு பதிவாகாது. மறுபடி உயிரோடு தொடங்கலாம். அதனால் நாங்கள் எல்லாரும் ஒரு விரலைக் கதவிலேயே வைத்துக்கொண்டுதான் வீரம் காட்டினோம்.

இந்தச் சமயத்தில் தனத்துக்குக் கோலாலம்பூரில் ஒரு வேலை கிடைத்தது. பெரிய கம்பெனி, கணினிப் பிரிவு, இங்கே வாங்குவதைவிட நல்ல சம்பளம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போன் செய்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒரே மறுப்பு. சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊரில் ஒற்றைப் பெண் எப்படி இருப்பாள்? அந்த வாரம் முழுக்க அவள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அம்மா சம்மதிக்காமல் போகவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் மனமில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமையும் மழை. காய்கறி வாங்கப் பாசாருக்கு வந்திருந்த அவள் அம்மா, கீரைக்கட்டும் குடையுமாகப் படியேறி வந்தார். மகளை ஐந்து மணி வரை கண்ணில் வைத்திருக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நாந்தாம்மா."

"கூட யாரையும் காணோம்?"

"யாரும் இல்ல."

"அப்ப செத்துக்கித்துப் போனா யாரு தூக்கியாருவா?"

குணா துள்ளி எழுந்தான். "அதத்தான் பெரியம்மா நானும் தொண்ட வத்தச் சொல்றேன்! செத்தா ஒடம்பு அங்கயே கெடக்கும். கூட்டாளிங்க போயித் தூக்கியாந்து கோயில்ல வெச்சா உசுரு வரும். அக்காவுக்குத்தான் ஆளே இல்லயே!"

"கேட்டியா?" என்றார் அம்மா. திரையில் தனம் எட்டாவது அடுக்கிலிருந்து கீழே இறங்கும் படியில் நின்றாள். வழக்கமாகத் திரும்புகிற இடம்.

"போதும், திரும்பு" என்றார் அம்மா. அரைமணி நேரத்தில் விளையாட்டு அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"எத்தன நாளைக்கிம்மா பாதி நெரையில திரும்பறது?"

இறங்கினாள். ஒன்பதாவது அடுக்கு. ஈப்போவில் நாங்கள் அறிந்த ஒருவரும் பார்க்காத இடம். வெறும் பச்சைக் கோடுகள்தான், சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு திருப்பம், ஒரு கதவு, இன்னொரு திருப்பம். பிறகு பெயர் தெரியாத ஐந்து உருவங்கள் ஒன்றாக வந்தன. மூன்றை வீழ்த்தினாள். உயிர் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது.

"கதவத் தொறங்கக்கா! தொறங்க!" குணா அலறிக்கொண்டே கையை நீட்டினான்.

தனம் அந்தச் சின்னக் கதவின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். அடுத்த அடியோடு சிவப்பு விளக்கு அவள் விரலிடுக்கில் எரிந்தது. கர்ரென்ற சத்தம் முடிகிற வரை கையை எடுக்கவில்லை. நான் அதற்குப் பிறகு பல மேடைகளையும் பல தலைவர்களையும் பார்த்திருக்கிறேன்; அந்தக் கையை எடுக்காமல் இருந்ததற்கு ஈடாக ஒன்றும் பார்க்கவில்லை.

"அடோய், செத்துட்டாளே" என்றான் குணா. "நாங்க போயித் தூக்கியாரோம்கா."

"கெடக்கட்டும். அவ நடந்து போன எடந்தானே."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ தூரம் போயிட்டா?"

"ஒம்போதாவது அடுக்கு, பெரியம்மா."

"நீங்க?"

குணா தலையைச் சொறிந்தான். "நாலு."

"ஆறு பேரு போயும் நாலுதானா?"

அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தார். கைப்பையைத் துழாவி, இருந்த சில்லறையையெல்லாம் அள்ளி மகள் கையில் கொட்டினார். "கீழ போயி போன போடு. அஞ்சு ஆவப்போவுது. காய்ச்சல்கீய்ச்சல் வந்தா நாந்தான் பஸ்ஸேறி வரணும், வேற யாரு வருவா." சொல்லும்போது கோபமாகத்தான் சொன்னார். தனம் இரண்டிரண்டு படியாக இறங்கிய சத்தம் மழையிலும் கேட்டது.

அவள் போனாள். காய்ச்சல் வந்ததாம், தானே கஞ்சி வைத்துக் குடித்தாளாம். தீபாவளிக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கெடக்கட்டும் என்று அவள் சொன்னாலும் குணாவுக்கு மனம் கேட்கவில்லை. கதவை எத்தனை முறை திறந்தோம் என்று கணக்கே இல்லை. ஒரு வருடத்துக்குமேல் திருட்டுத்தனமாகச் செத்துப் பிழைத்து, பந்து விளையாட்டுக்காரர்கள் ஒன்பதாவது அடுக்குக்கு வந்தார்கள். ஒரு மூலையில் அவள் கிடந்தாள். தூக்கவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினோம். உங்களிடம் இடமில்லை, ஏற்கெனவே ஆறு பேர் இருக்கிறீர்கள் என்றது.

"ஒருத்தன விட்டுட்டு வருவோமா மச்சான்?"

"யார?" என்றேன்.

குணா கோல்கீப்பரைப் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்தான். பிறகு ஆறு பேரையும் திரும்பி நடக்கவிட்டான்.

தொண்ணூறு பிறப்பதற்குள் முதலாளி தவுக்கே வகுப்பை மூடிவிட்டார். கணினிகளைப் பழைய இரும்புக்காரன் லோரியில் ஏற்றினான். தனம் பிறந்த தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, பிறகு வரிசை வீடுகளாகி, இப்போது ஒரு ரப்பர் மரமும் இல்லை. தட்டு மட்டும் என்னிடம் கொஞ்ச காலம் இருந்தது. ஒரு மழை வருடத்தில் அலமாரியைத் திறந்தபோது அதன்மேல் வெள்ளை வளையங்களாகப் பூஞ்சை. துடைத்தேன், கூடவே கறுப்பும் உரிந்து வந்தது.

அவள் விழுந்த இடத்தைத் தாண்டி நாங்கள் ஓரடி வைத்ததில்லை. அவளுக்கு முன்னால் ஒரு கதவு இருந்தது. அதற்கு அப்பால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.