பெயர் வரவேண்டிய இடம்

ஏறாவூர் கச்சி முகம்மது லெப்பைக்கு மற்ற நாட்களில் தறி; வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலில் மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கம் ஓதுவார். வாப்பாவிடம் மனப்பாடம் செய்தபடியே, உலக முஸ்லிம்களின் தலைவரான கலீபா என்று துருக்கிச் சுல்தானின் பெயர் சொல்லி, அவருக்காக இறைவனிடம் துஆக் கேட்பார். சபை ஆமீன் சொல்லும். ஊரை ஆண்டது வெள்ளைக்கார மன்னர். அது யாரையும் உறுத்தவில்லை.

1924 மார்ச்சில், துருக்கியர் தங்கள் கலீபாவையே நாடுகடத்திவிட்ட செய்தியைப் புடைவை வியாபாரி முகைதீன்பாவா கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். பள்ளித் தலைவர் மீராசாஹிப் மரைக்கார் உடனே தறிக்கொட்டிலுக்கு வந்துவிட்டார்.

“லெப்பை, இனி நம்மட மன்னர்ர பேரச் சொல்லுங்க. சட்டசபையில நமக்கும் இடம் வேணும். கவுண்மேந்து நம்மள நம்பவேணும்.”

பின்னாலேயே வந்த முகைதீன்பாவா பொங்கினார். “சொன்னா நாங்க எழும்பிப் போய் வேற பள்ளி கட்டுவம். துரத்தினாலும் கலீபா கலீபாதான்!”

“நீ கட்டுவாய்! உன்ட கடைக்கே இன்னும் கூர போடல்ல.”

“சரி, இவ்வளவு நாளும் யார்ர பேர ஓதினீங்க காக்கா?” என்று லெப்பையிடம் அண்ணன் முறை வைத்துக் கேட்டார் முகைதீன்பாவா.

வாப்பா சொல்லித்தந்த பெயரை லெப்பை சொன்னார். முகைதீன்பாவா வாயைப் பிளந்தார்.

“அவரையா! அவர இறக்கிப் பதினஞ்சு வருசம். அவருக்கு மறுகா மூணு பேர் வந்து போயிட்டாங்க!”

மரைக்கார் விழுந்து விழுந்து சிரித்தார். லெப்பைக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஊர் இரண்டுபடும். அதுவும் அவர் வாயால்.

“காய்ச்சல் எண்டு படுத்திரவா?” என்று மனைவி பாத்துமுத்துவிடம் கேட்டார்.

“படுங்க. அடுத்த வெள்ளிக்கு என்ன வருத்தம் எண்டு படுப்பீங்க?”

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் மரைக்கார். வாசலோரம் முகைதீன்பாவாவின் ஆட்கள், எழும்பத் தயாராக. முஸ்லிம்களைக் காக்கும் ஆட்சியாளருக்கு உதவி செய்வாய் என்று அறபில் கேட்டு முடித்தார் லெப்பை. அடுத்தது பெயர். லெப்பை முன்வரிசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆமீன் சொல்லியே பழகிய சபை, பெயருக்குக் காத்திராமல் ஒரே குரலாக ஆமீன் சொல்லிவிட்டது. லெப்பை சட்டென்று அடுத்த துஆவுக்குப் போனார்.

தொழுகை முடிந்ததும் மரைக்கார் முகைதீன்பாவாவைப் பிடித்தார். “யார்ர பேரச் சொன்னார்?”

“முன்னுக்கு இருந்த உங்களுக்கே கேக்கல்லயா?”

“நீயும் ஆமீன் சொன்னாய்தானே?”

“அது... பழக்கத்துல வந்திட்டு.”

இருவரும் லெப்பையைப் பார்த்தார்கள்.

“வாற வெள்ளியும் இப்படித்தான் ஓதுவன்,” என்றார் லெப்பை. “வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க.”

இருவரும் தங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். பிறகு வந்த தேர்தல்களில் மரைக்காரும் முகைதீன்பாவாவும் எதிரெதிர் ஆட்களுக்கு வாக்குக் கேட்டுத் திரிந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரே பள்ளியில்தான் தொழுதார்கள். பெயர் சொல்லாமலே ஓதிய அந்த முதல் வெள்ளியன்று வீட்டுக்கு வந்த லெப்பை, பாத்துமுத்துவிடம் சோற்றை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.