நாலு மணி ஆமென்

முதியோர் இல்லத்தில் ஆராதனை நடத்த பைபிளும் பாட்டுப் புத்தகமும் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே போகிறோம். முதலில் தேவைப்பட்டது கைக்கடிகாரம் என்று பிறகுதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்ற தூக்கக் கண்ணோடு ஊழியத்துக்குக் கிளம்பும் அன்பு ஜனங்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் நாமக்கல்லில் தையல்கடை வைத்திருக்கிறேன். என்னோடு வருபவர் எங்கள் சபை ஐசக் அண்ணன், லாரி ஓட்டி ஓய்ந்தவர். சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் ஒரு இல்லத்துக்கு வாராவாரம் அவருடைய ஆம்னி வேனில் போகிறோம். பாட்டு என் பொறுப்பு, ஜெபம் அவர் பொறுப்பு. தொல்லையே அங்கேதான்.

எழுந்து நிற்போம்

முதல் வாரம் நான் பந்தாவாக, "எல்லாரும் எழுந்து நின்று பாடுவோம்" என்று சொல்லிவிட்டேன். சபைக் கோயிலில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனது. எதிரே பார்த்தால் சக்கர நாற்காலியும் வாக்கருமாக இருக்கிறது. அவர்களோ சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆளாளுக்கு மேசையைப் பிடித்து எழ ஆரம்பித்துவிட்டார்கள். நர்ஸ் கலா ஓடி ஓடி ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். யாரும் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

முன் வரிசையில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் பழனியம்மாள். கண் சரியாகத் தெரியாத தன் அறைத்தோழி எஸ்தரம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவர், வந்ததே வந்தோம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, நிக்க முடிஞ்சா நாங்க ஏனுங்க இங்க வாரோம்? உக்காந்துக்கிட்டுப் பாடுனா உங்க சாமிக்குக் கேக்காதுங்களா?"

சத்தீஸ்கர் வரை ஒரு ஜெபம்

ஐசக் அண்ணனின் ஜெபம் இல்லத்திலிருந்து கிளம்பும். அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்காகவும் வேண்டுவார். அப்புறம் மழைக்காக. அப்புறம் ஹைவேயைப் பிடித்துவிடுவார். தான் லாரி ஓட்டிய ஊர்கள், அங்கே இப்போது லாரி ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடைசியாக சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் தன் மகனும் அவனோடு இருப்பவர்களும். அங்கே போய்ச் சேர்ந்த ஜெபத்துக்கு ஊர் திரும்ப லோடு கிடைக்காது.

இல்லத்தில் நாலு மணிக்கு டீ. டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை. கலா தட்டை ஏந்திக்கொண்டு வாசலிலேயே நிற்பார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குப் பயம். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் ஆராதனையை நிறுத்தச் சொல்ல வேண்டி வரும் என்றார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்கண்ணன் சத்தீஸ்கர் போய்ட்டு வர்ற வரைக்கும் சக்கரை வியாதி காத்துக்கிட்டு இருக்காதுங்க."

பழனியம்மாள் கண்டுபிடித்தது

அடுத்த வாரம் அண்ணன் ரிக் வண்டிகளை நெருங்கும் நேரம். முன் வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது: "ஆமென்!" உடனே அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஊரே ஆமென் சொன்ன பிறகு யாரால் ஜெபத்தைத் தொடர முடியும்? அண்ணன் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தார். கலா ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்துவிட்டார்.

எங்களில் யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஜெபிக்கிறவர் முடிக்காமல் நாம் முடிக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே தலையில் குட்டி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் குட்டு வாங்காதவர் பழனியம்மாள் ஒருவர்தான். எந்த வார்த்தை வந்தால் டீ வருகிறது என்று அவர் கவனித்து வைத்திருக்கிறார். அண்ணனிடம் சாவகாசமாகச் சொன்னார்: "இத்தன பேருக்கு வேண்டுனது போதுமுங்க. சாமியும் செத்த நேரம் டீ குடிக்கட்டும்."

மகன் வந்தார்

ஒரு ஞாயிறு பழனியம்மாளின் மகன் ஆரஞ்சுப் பழத்தோடு தாயைப் பார்க்க வந்தார். கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வாசலில் கால் வைக்கும்போது உள்ளே அம்மா ஆமென் சொல்வது காதில் விழுந்திருக்கிறது. யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவை மதம் மாற்றுகிறார்கள் என்று கலாவிடம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளே இல்லத்திலிருந்து எங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எஸ்தரம்மாவை நினைத்துத்தான் துக்கமாக இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குக் கோயில். அடுத்த ஞாயிறு கலா போன் செய்தார். "அக்கா, எஸ்தரம்மா வெள்ளச் சேல கட்டிக்கிட்டு ஹால்ல வந்து உக்காந்திருக்காங்க. நான் என்னன்னுங்க சொல்றது?"

வாக்கு

கலாவே அன்றைக்குப் பழனியம்மாளின் மகனை வரவழைத்தார், எங்களையும் வரச் சொன்னார். நான் பாட்டுப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு கதவோரமாக நின்றேன். பழனியம்மாளுக்கு ஒரு பயமும் இல்லை. "கண்ணு, நா ஒண்ணும் மதம் மாறி வேதத்துல சேரல. நா ஆமென்னு சொன்னாத்தான் இந்தண்ணன் நிறுத்தறாரு. எஸ்தருக்கு மாத்திர நேரத்துக்குப் போவோணுமில்ல?" என்றார். ஐசக் அண்ணன் தரையைப் பார்த்தார்.

மகனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில், ஆராதனை நடக்கட்டும், அம்மாவும் உட்காரட்டும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்றார். பழனியம்மாள் உடனே தலையாட்டினார். "செரி சாமி, என்ற வாயத் தொறக்கல. என்ன ஆவுதுன்னு நீயே இருந்து பாத்துட்டுப் போ."

ஆனது

அன்றைக்குச் சுருக்கமாக முடிப்பதாக அண்ணன் எனக்கு உறுதி சொன்னார். ஆனால் சந்தோஷம் வந்தாலும் அவருக்கு ஜெபம் நீளும், பயம் வந்தாலும் நீளும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்திருந்தது. பழனியம்மாளின் மகனுக்காக வேண்டினார், அவர் பண்ணைக்காக வேண்டினார், கோழிகளுக்கு நோய் வரக் கூடாது என்று வேண்டினார். பிறகு ஹைவே ஏறிவிட்டார். நாலு மணி தாண்டியது. கலா தட்டோடு வாசலில் நின்றார். டீயில் ஆடை படிந்தது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பழனியம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் கலாவின் தட்டைப் பார்த்தார், எஸ்தரம்மாவைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் சத்தீஸ்கர் எல்லைக்குள் நுழையும்போது மகனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அம்மா, பண்ணைக்கு முட்ட வண்டி வந்துருமம்மா, புண்ணியமாப் போவுது, அந்த ஆமென்னச் சொல்லித் தொலயம்மா!"

எங்கள் சபையில் ஒருவராலும் முடித்துவைக்க முடியாத ஐசக் அண்ணனின் ஜெபத்தை நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மா இப்போது மகனின் முழுச் சம்மதத்தோடு வாராவாரம் முடித்துத் தருகிறார், நாங்களும் நிம்மதியாகச் சுடச்சுட டீ குடிக்கிறோம்.